தினமும் முப்பது கிலோமீட்டர்: வேலைக்குப் போக சைக்கிள் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலையிடம் மூன்று, நான்கு கிலோமீட்டரில் இருந்தால் வீட்டில் இருக்கிற எந்த சைக்கிளும் போதும். சீட்டு தாழ்ந்திருந்தாலும் டயரில் காற்று குறைந்திருந்தாலும் கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அதே வண்டியில் ஒரு வழிக்கே பதினைந்து கிலோமீட்டர் மிதிக்கத் தொடங்கினால், முழங்கால் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். பலரும் அந்தக் கட்டத்தில் சைக்கிளையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அளவும் வகையும் பொருந்திய வண்டி அமைந்தால், சாதாரண உடல்நலம் உள்ள ஒருவர் அந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் நிம்மதியாகக் கடந்துவிடலாம்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு சென்னைப் பாதை: கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர், ஏறக்குறைய 15 கி.மீ.

படி 1: கடைக்குப் போகும் முன் பாதையைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருக்கிற வண்டியிலோ பைக்கிலோ அந்தப் பாதையில் மெதுவாகப் போய்வாருங்கள். மேடு எங்கே, மண் சாலை எங்கே, மழைக்குத் தண்ணீர் தேங்கும் இடம் எது, அலுவலகத்தில் வண்டியை நிழலில் பூட்டி வைக்க இடம் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் சேர்த்துக் குறியுங்கள். சென்னையில் கோடையில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். தாம்பரத்திலிருந்து கிழக்கே வேலைக்குப் போகிறவருக்கு மாலையில் அது முதுகைத் தள்ளிவிடும். திருவான்மியூரில் குடியிருந்து அம்பத்தூரில் வேலை பார்ப்பவருக்கு வீடு திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. கோவைக்காரர்களுக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தூரம் ஒன்றாக இருந்தாலும் இவர்களுக்கு வேண்டிய கியர் ஒன்றல்ல.

படி 2: வகையை முடிவு செய்யுங்கள்

கடையில் கண்ணை முதலில் இழுப்பது தடித்த டயரும் முன்னால் ஷாக் அப்சார்பரும் உள்ள மலை சைக்கிள்தான். தார்ச்சாலையில் தினமும் முப்பது கிலோமீட்டர் போக அதை வாங்காதீர்கள். விலை குறைந்த வண்டிகளில் வரும் அந்த ஸ்பிரிங் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) கனமானது. எழுந்து நின்று மிதிக்கும்போது உங்கள் பலத்தில் ஒரு பங்கு அது அமுங்கி எழுவதிலேயே போய்விடும். முள் வைத்த டயர் தார்ச்சாலையில் இரைந்துகொண்டே உருளும்.

பந்தய வகை வண்டி வேகமாகப் போகும். ஆனால் குனிந்த இருக்கையும் மெல்லிய டயரும் நம் ஊர்ப் பள்ளங்களுக்குத் தோதுப்படாது. கேரியர் மாட்டவும் பலவற்றில் துளை இருக்காது.

நடுவில் இருப்பது ஹைபிரிட். நேரான ஹேண்டில்பார், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், நடுத்தர அகல டயர். 15 கி.மீ. பாதைக்கு என் பரிந்துரை இதுதான். புடவை, வேட்டி கட்டி ஓட்டுபவர்களும், காலைத் தூக்கிப் போடச் சிரமப்படும் வயதினரும் இதே வகையில் குறுக்குக் குழாய் தாழ்ந்த ஃபிரேமும், செயினை மூடும் கார்டும் உள்ளதாகப் பாருங்கள்.

பழைய கறுப்பு சைக்கிளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஐம்பது கிலோ மூட்டையையும் தாங்கும், எந்தத் தெருவிலும் பழுது பார்க்கலாம். எடைதான் இருபது கிலோவை ஒட்டி வரும். எதிர்க்காற்றில் பத்துக் கிலோமீட்டர் தாண்டியதும் கால்களுக்கு அந்த எடை தெரியும்.

மின்சார சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் மோட்டார் திறன் 250 வாட்டுக்கு உட்பட்டதா, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் நிற்கிறதா என்று பாருங்கள். அந்த வரம்புக்குள் உள்ளவற்றுக்குத்தான் இந்தியாவில் பதிவு எண் தேவையில்லை.

படி 3: டயரில் உள்ள எண்ணைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 38-622 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அது உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். ஹைபிரிட்டில் 622 வரும். அதைத்தான் 700 சி என்கிறார்கள். நம் பழைய 28 இஞ்சு சைக்கிளுக்கு 635. கடைக்காரரிடம் "பெரிய சக்கரம்" என்று சொல்லி 28 இஞ்சு டயர் வாங்கிவந்தால் உங்கள் ரிம்மில் உட்காராது. தெருமுனைக் கடையில் 622 அளவு டயரும் டியூபும் கிடைக்கின்றனவா என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு டியூப் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அகலம் 35 முதல் 42 மி.மீ. வரை இருக்கட்டும். ஷாக் அப்சார்பர் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் சரியாகக் காற்றடித்த 40 மி.மீ. டயரே செய்துவிடும்.

வால்வையும் கவனியுங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். மெல்லிய வால்வுக்குத் தனி அடாப்டர் வேண்டும். சிறிய பொருள்தான், ஆனால் இரவு எட்டு மணிக்கு மேடவாக்கத்தில் அது இல்லாமல் நிற்பது கொடுமை.

படி 4: கியர் எத்தனை?

"21 கியர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கணக்கு எளிது. முன் பல்சக்கரத்தில் 38 பல், பின்னால் 16 பல் என்றால், ஒருமுறை முழுதாக மிதித்தால் சக்கரம் 2.4 முறை சுற்றும். 38 மி.மீ. டயருள்ள 622 சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.18 மீட்டர். ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால் மணிக்கு 22 கி.மீ. அருகில் வரும். எதிர்க்காற்றிலோ மேம்பாலத்திலோ பின்னால் 24 பல்லுக்கு மாற்றினால், அதே மிதிக்கு 14, 15 கி.மீ. வேகம்; முழங்காலுக்குச் சுமை ஏறாது.

சென்னை போன்ற சமதரை ஊருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஏழோ எட்டோ தாராளம். முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்தால் பழுதாக ஒரு டிரெயிலர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் கருவி) கூடுதல், அவ்வளவுதான். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஏற்ற இறக்கம் உள்ள ஊர் என்றால் பின்னால் பெரிய பல்சக்கரம் கட்டாயம்.

பின்னால் எட்டோ அதற்கு மேலோ பல்சக்கரம் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் கேசட் வகை, அதாவது செருகி மாட்டும் பல்சக்கரக் கொத்து, இருக்கும். ஆறு, ஏழு உள்ள வண்டிகளில் மரையில் திருகி மாட்டும் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் வகையில் அச்சின் வலது முனை தாங்கலின்றி நீண்டிருப்பதால், உடல் எடை கூடியவர் பையும் ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும்போது அச்சு வளைய வாய்ப்பு அதிகம். தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் கேசட் உள்ளதையே கேளுங்கள்.

படி 5: பிரேக்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுவீர்கள் என்றால் டிஸ்க் பிரேக். கேபிளில் இயங்கும் டிஸ்க் போதும். எந்த மெக்கானிக்கும் இறுக்கித் தருவார். வெயில் காலத்தில் மட்டும்தான் என்றால் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் நன்றாகவே நிறுத்தும்.

படி 6: உங்கள் உடம்புக்கு அளவெடுங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான். செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்டி நில்லுங்கள். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டில் அழுந்த மேலே தள்ளி, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளக்கச் சொல்லுங்கள். வந்த அளவை 0.88 ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் ஏறக்குறைய 69 செ.மீ. இரண்டு பெடல் கைகளும் சேர்ந்து சுற்றும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை அந்த அளவு இருக்க வேண்டும்.

சரிதானா என்று பார்க்க, சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கும். நம் ஊரில் பாதிப்பேர் நின்றால் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்து, முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சிக்னலில் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்று பழகுங்கள்.

ஃபிரேமின் மேற்குழாய்க்கு மேல் நிற்கும்போது மூன்று முதல் ஐந்து செ.மீ. இடைவெளி வேண்டும். ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை இலேசாக மடங்கியிருக்க வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் ஃபிரேம் பெரிது. "போகப் போகப் பழகிடும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், சிறிய அளவைக் கேளுங்கள். மெத்தென்ற சீட்டும் ஐந்து நிமிடத்துக்குத்தான் சுகம். நீண்ட தூரத்துக்கு உட்கார்விடத்து எலும்புகளைத் தாங்கும் ஓரளவு உறுதியான சீட்டே நல்லது.

படி 7: பணத்தைப் பிரித்து வையுங்கள்

மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் துணைப் பொருட்களுக்கு ஒதுக்குங்கள். பின்கேரியர், முழு நீள மட்கார்டு, முன்னும் பின்னும் விளக்கு, ஹெல்மெட், யூ வடிவப் பூட்டு. முதுகில் பையை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினால் சட்டை பிழிந்தெடுக்கிற மாதிரி நனையும்; பையைக் கேரியருக்கு மாற்றுங்கள். ஆகவே வாங்கும்போதே கேரியர், மட்கார்டு மாட்ட ஃபிரேமில் திருகு துளைகள் உள்ளனவா என்று குனிந்து பாருங்கள்.

படி 8: ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

கடை வாசலில் ஒரு வட்டம் போதாது. இரண்டு கிலோமீட்டராவது ஓட்டக் கேளுங்கள். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள், எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள், இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் இடவலம் ஆடக்கூடாது.

புது வண்டியில் முதல் சில வாரங்களில் கேபிள்கள் தளர்ந்து கியர் தட்டத் தொடங்கும், சக்கரக் கம்பிகளும் இளகும். பழுது என்று பயப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்து இலவச சர்வீஸ் உண்டா என்று பில் போடும்போதே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.