குவாதலூப்பில் அருவியும் கடற்கரையும் தேடுவோர் செய்யும் தவறுகள்

முதல் தவறு ஊர்ப் பெயரிலேயே தொடங்கிவிடும். கரீபியன் கடலில் பட்டாம்பூச்சி இறக்கை விரித்ததுபோல் கிடக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவின் மேற்கு இறக்கைக்கு பாஸ்-தேர் என்று பெயர். 'தாழ்ந்த நிலம்' என்று பொருள். ஆனால் 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை நிற்பது அங்கேதான். கிழக்கு இறக்கையான கிராந்த்-தேர், அதாவது 'பெருநிலம்', உண்மையில் சிறியது. சுண்ணாம்புக்கல் தட்டை நிலம். கிராந்த்-தேர் கடற்கரையில் அறை எடுத்துவிட்டு, பக்கத்தில் அருவி இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் உண்டு. அங்கே அருவியே கிடையாது.

பெயர் வைத்தவர்கள் மாலுமிகள். 'பாஸ்' என்றால் அவர்களுக்குக் காற்று மறைவான பக்கம். 'காப்பெஸ்தேர்' என்றால் காற்றை எதிர்கொள்ளும் பக்கம். ஆண்டின் பெரும்பகுதி இங்கே வீசுவது கொண்டல். மழை எங்கே கொட்டும், அலை எங்கே அடிக்கும், கடற்பாசி எங்கே ஒதுங்கும் என்பதையெல்லாம் அந்தக் கிழக்குக் காற்றுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

ஒரே பெயரில் இரண்டு இடங்கள் இருப்பதும் வழியைக் கெடுக்கும். 'கிராந்த் ஆன்ஸ்' என்று மட்டும் தட்டினால், வடக்கே தேயே ஊரின் பொன்மணல் கரைக்குப் பதிலாகத் தெற்கே த்ருவா-ரிவியேரின் கருமணல் கரைக்குப் போய் நிற்கலாம். காப்பெஸ்தேரும் இரண்டு: ஒன்று பாஸ்-தேரில், இன்னொன்று படகேறிப் போக வேண்டிய மாரி-கலான்த் தீவில். தேடும்போது ஊராட்சியின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். 'ஷ்யூத்', 'காஸ்காத்', 'சோ' என்றால் அருவி. 'பஸ்ஸேன்' குளிக்கும் மடு. 'ஆன்ஸ்' சிறு விரிகுடா.

பாஸ்-தேரில் உள்ள கார்பே அருவிகள் மூன்று. முதலாவது 115 மீட்டர், இரண்டாவது 110, மூன்றாவது 20. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இருபது நிமிடம் நடந்தால் இரண்டாவதைப் பார்க்கும் மேடை வரும். முதலாவதுக்கு வேர்களிலும் சேற்றிலும் ஒன்றரை மணி நேரம் போல ஏற வேண்டும், திரும்பவும் அவ்வளவு. மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால் இருட்டிவிடும். டிசம்பரில் மாலை 5.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அந்தி வெளிச்சமும் நீளாது. கிளம்புமுன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். பாறை சரிவால் பாதைகளை மூடுவது இங்கே வழக்கம். புவாந்த்-அ-பித்ரிலிருந்து வரும் வழியில், காப்பெஸ்தேர்-பெல்-ஓ அருகே ஷான்ஜி என்ற இந்துக் கோயில் நெடுஞ்சாலையிலேயே தென்படும். 1854 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களில் தமிழர் பலர். அவர்கள் வழிவந்தோர் நம் மாரியம்மனை 'மாலியேமேன்' என்கிறார்கள்.

உயிரைக் குடிக்கும் தவறு, தலைக்கு மேல் தெரியும் வானத்தை நம்புவது. மேகம் மலையுச்சியில் மோதி அங்கேயே கொட்டிவிடும். மடுவில் குளிப்பவருக்கு வெயில்தான் தெரியும். ஆறுகள் குட்டையானவை, சரிவு செங்குத்து. அதனால் உச்சியில் பெய்த மழை நிமிடக் கணக்கில் கீழே வந்துவிடும். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் ஓசை தடிப்பது, கால் வைத்திருந்த கல் மூழ்குவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். பாதை ஆற்றைக் கடந்து போவதாக இருந்து நீங்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டால், வடியும் வரை அங்கேயே இருங்கள். முழங்கால் அளவு வேகநீரே ஆளைச் சாய்த்துவிடும். புவாந்த்-நுவாரின் அக்கோமா அருவிக்கு இது மிகவும் பொருந்தும். படத்தில் பார்த்தால் குழந்தைகள் விளையாடும் குளம் மாதிரிதான் இருக்கும். பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தேயோ-பிரான்சின் எச்சரிக்கை நிறம் மஞ்சளாகிவிட்டால் அன்றைக்கு ஆறு வேண்டாம், கடலுக்குப் போகலாம்.

வெந்நீர் ஊற்றுகளில் தலையை முக்குவது இன்னொரு தவறு. மூக்கு வழியே மூளைக்கு ஏறும் நெக்லேரியா அமீபா இந்த நீரில் உண்டு. 2008இல் ஒரு சிறுவன் அதனால் இறந்தான். கழுத்துக்கு மேல் நனையாமல் இருந்தால் போதும். ஆற்று இறாலைப் பிடித்துச் சுடும் ஆசையும் வேண்டாம். வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி இன்னும் மண்ணிலும் ஆற்றிலும் தங்கியிருக்கிறது.

கடலுக்கு வந்தால், 2011 முதல் கரையொதுங்கும் சர்காசம் பாசிதான் பெரிய தலைவலி. அழுகினால் கூமுட்டை நாற்றம். காற்றுப்பக்கமான கிழக்கிலும் தெற்கிலும் அதிகம் குவியும்; அப்படிப்பட்ட நாளில் மேற்கே மலாந்தூர் பக்கம் போய்விடுங்கள். ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பேரலை வரும்போது தேயேயின் அழகிய கரையும் ஆளை உருட்டிவிடும். புவாந்த் தே ஷாத்தோ முனையில் எந்த மாதமானாலும் பார்ப்பதோடு சரி. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, பவளத்திட்டு அலையைத் தடுக்கும் சேன்த்-ஆன் கடற்கரை நல்லது.

கரையில் நிழல் தேடும்போது அடிமரத்தில் சிவப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது மான்சினீல் மரத்துக்கான எச்சரிக்கை. பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு ஒதுங்கினால் இலையில் வழியும் நீரே போதும். குட்டி ஆப்பிள் போன்ற பச்சைக் காயைக் கடித்தால் தொண்டை வெந்துவிடும். எல்லா மரத்துக்கும் வளையம் போட்டிருக்க மாட்டார்கள் என்பதால் காயையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

கடலில் ஆபத்தென்றால் 196, மற்றதற்கு 112. மலைப் பள்ளத்தில் சிக்னல் எடுக்காது. எந்த அருவி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வண்டியை விட்டு இறங்கும்போதே தங்கும் இடத்துக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.