மணலில் சிக்கிய வண்டிக்கு உதவும்போது

துபாய், ஷார்ஜா பாலைவனத்துக்கு விடுமுறையில் ஜீப் எடுத்துப் போகிறீர்களா? வழியில் யாராவது மணலில் சிக்கி நின்றால் உடனே கயிற்றைத் தேடாதீர்கள். முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்லுங்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் ஆழமாகத்தான் புதையும். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், வெயிலில் மனிதர் பதறிப்போயிருப்பார்.

அப்புறம் டயரைப் பாருங்கள். தார் ரோட்டுக்கான 35 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தோடு இறங்கியிருந்தால் 15 வரை குறைக்கலாம். சக்கரங்களுக்குப் பின்னாலும் வண்டிக்கு அடியிலும் உள்ள மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே மெல்ல ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதிலேயே வண்டி வந்துவிடும்.

அசையவில்லையா? சரி, இழுக்கலாம். ஆனால் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் மட்டும் வண்டியை இழுக்கும் பட்டையை மாட்டவே கூடாது. அந்த உருண்டை பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆளையே கொன்றுவிடும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிணைத்த இழுவைக் கொக்கிதான் சரி. பட்டையின் நடுவில் கனமான போர்வையைப் போட்டு, குழந்தைகளையும் மற்றவர்களையும் பட்டை நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நிறுத்துங்கள்.

வண்டி வெளியே வந்ததும் கையசைத்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். காற்று குறைந்த டயரோடு ஹைவேயில் வேகமெடுத்தால் டயர் வெடிக்கலாம். உங்கள் கம்ப்ரசரைக் கொடுத்து, காற்று நிரப்பிய பிறகு அனுப்புங்கள்.