விதையிலிருந்து இலுப்பை மரம்: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று பழமொழி சொல்லும் பலர் அந்தப் பூவை வாயில் போட்டுப் பார்த்ததில்லை. பங்குனி, சித்திரையில் விடியற்காலையில் ஒரு பழைய இலுப்பையின் அடியில் போய் நில்லுங்கள், வெளிர்மஞ்சளாக, திராட்சை போலச் சதைப்பிடிப்புள்ள பூக்கள் தரையெங்கும் கிடக்கும், ஒன்றைக் கடித்தால் தித்திப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். இலுப்பூர், இலுப்பைப்பட்டு என்று ஊர்ப்பெயரில் இருக்கும் மரம் ஊருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வளர்ப்பது கஷ்டமில்லை.

முதல் வேலை விதை பொறுக்குவது. ஆனி, ஆடியில் பழம் பழுக்கும். இதில் முக்கியமான விஷயம், இலுப்பை விதையைச் சேமித்து வைக்க முடியாது. காய்ந்தால் உயிர் போய்விடும். நான் முதல் வருஷம் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து, மழை வரட்டும் என்று ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்து விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. பொறுக்கிய அன்றோ மறுநாளோ விதைத்துவிடுங்கள். பழந்தின்னி வௌவால்கள் பழத்தை வேறு மரத்துக்குத் தூக்கிப்போய்ச் சதையைத் தின்றுவிட்டு விதையைக் கீழே போட்டுவிடும், அதனால் பக்கத்து மரங்களின் அடியிலும் தேடலாம். வௌவால் வாய்பட்டதைக் கையுறை போட்டு எடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஓட்டை விழுந்த விதை வேண்டாம். பழுப்பு நிறத்தில் பளபளவென்று, கையில் கனமாக இருப்பதே நல்ல விதை.

அடுத்தது பை. இலுப்பையின் ஆணிவேர் வேகமாகக் கீழே இறங்கும், சின்னப் பையில் அது சுருண்டுவிடும். ஒரு அடி உயரமாவது உள்ள நாற்றுப்பை எடுத்து, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய சாணம் ஒன்று என்று கலந்து நிரப்புங்கள். விதையைப் படுக்கை வாட்டில் ஒரு விரற்கடை ஆழத்தில் வைத்து மூடி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும்.

மறு வருஷம் ஐப்பசி மழையோடு நடலாம். ஒன்றரை அடிக்குக் குறையாத குழி, சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடம். சுற்றி முள்வேலி கட்டாயம், இல்லாவிட்டால் ஆடு மாடு மேய்ந்துவிடும். முதல் மூன்று கோடைக்கு வாரம் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு, அடியில் சருகு மூடாக்குப் போடுங்கள். சரி, பூக்க எவ்வளவு நாள் ஆகும்? மெதுவாக வளரும் மரம், பத்து வருஷம் ஆகலாம், பொறுமை வேண்டும்.

பூத்தபின் ஒருநாள் ராத்திரி டார்ச் இல்லாமல் மரத்தடியில் உட்காருங்கள். வௌவால் இறங்கும் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம் பூவைப் பிய்க்கும் சத்தம். இனிப்பான இதழை அது தின்னும்போது மகரந்தம் முகத்தில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. மகரந்தத்தைக் கடத்துவதும் விதையைத் தூக்கிப்போய்ப் பரப்புவதும் அதே வௌவால்தான், எனவே அசிங்கம் பண்ணுகிறது என்று அதைப் பட்டாசு வெடித்து விரட்டாதீர்கள். காட்டோரங்களில் உதிர்ந்த பூவுக்குக் கரடியும் மானும்கூட வரும்.

மரம் முதிர்ந்து ஏதாவது கிளை பட்டுப்போனால், ஆள் நடக்கும் பாதைக்கு மேலே இல்லை என்றால், அதை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே விழும் பொந்தில்தான் கிளியும் புள்ளி ஆந்தையும் குடித்தனம் நடத்தும்.