டைப் அட்டவணையை அடி வாங்கும் பக்கத்திலிருந்து படியுங்கள்

போக்கிமான் எமரால்ட் வீடியோ கேம் விளையாடிய நாட்களில் எனக்கு டைப், அதாவது ஒவ்வொரு போக்கிமானுக்கும் அதன் தாக்குதலுக்கும் உள்ள வகை, பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். நெருப்பு புல்லை எரிக்கும், நீர் நெருப்பை அணைக்கும், மின்சாரம் நீரைத் தாக்கும். போட்டியாளர் மார்ஷ்டாம்ப் என்ற போக்கிமானை இறக்கியதும், பார்க்க நீர்வாழ் ஜீவன்போல இருக்கிறதே என்று என் மின்சாரப் போக்கிமான் மனெக்ட்ரிக்கை அனுப்பினேன். மின்சார மூவ் (தாக்குதல்) ஒன்றுமே செய்யவில்லை. அடுத்த சுற்றில் வந்த கிரவுண்ட் (நிலம்) மூவில் மனெக்ட்ரிக் விழுந்துவிட்டது. மார்ஷ்டாம்ப் வாட்டர் மட்டுமல்ல, கிரவுண்டும்கூட என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் கணக்கு. தாக்கும் பக்கத்தில் மூவின் டைப்பைப் பாருங்கள், வாங்கும் பக்கத்தில் போக்கிமானின் டைப்பைப் பாருங்கள். பலமாகப் பட்டால் 2, தாங்கிக்கொண்டால் ½, படவே படாது என்றால் 0. இரண்டு டைப் இருந்தால் இரண்டையும் பெருக்க வேண்டும். கியாரடாஸ் என்ற போக்கிமான் வாட்டர், ஃப்ளையிங் இரண்டும். எலெக்ட்ரிக் மூவ் பட்டால் 2×2, அதாவது நான்கு மடங்கு. அதே கியாரடாஸ்மேல் கிராஸ் (புல்) மூவ் 2×½, சாதாரண அடிதான். மார்ஷ்டாம்புக்கு எலெக்ட்ரிக் 2×0. பூஜ்யம் வந்துவிட்டால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. ஆனால் கிராஸ் மூவ் அதற்கு நான்கு மடங்கு. அன்று என்னிடம் ஒரு கிராஸ் மூவ் இருந்திருந்தால் கதையே வேறு.

தாக்குபவரின் டைப்பும் மூவின் டைப்பும் ஒன்றாக இருந்தால் 1.5 மடங்கு கூடுதல். இதை நம்பி ஒரே டைப்பில் நான்கு மூவ் வைத்துவிடாதீர்கள். இப்போதைய ஆட்டங்களில் சர்ஃப் என்ற வாட்டர் மூவ், ஐஸ் பீம் என்ற ஐஸ் மூவ் இரண்டுக்கும் சக்தி 90. வாட்டர் போக்கிமான் சர்ஃப் அடித்தால் சாதாரண எதிரிமேல் 135. அதே போக்கிமான் ஐஸ் பீமை ஐஸுக்குப் பலவீனமான எதிரிமேல் அடித்தால் 180.

சரி, இனி மனப்பாடம். 18 டைப், 18×18 என்றால் 324 கட்டங்கள். வரிசையாக உட்கார்ந்து படித்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும், நான் இரண்டு முறை மறந்தேன். பூஜ்யங்களில் தொடங்குங்கள், மொத்தம் எட்டுதான். நார்மலும் கோஸ்ட்டும் ஒன்றையொன்று தொட முடியாது. ஃபைட்டிங் கோஸ்ட்டைத் தொடாது. எலெக்ட்ரிக் கிரவுண்டில் இறங்கிப் போய்விடும், கிரவுண்ட் பறப்பதை எட்டாது. சைக்கிக் டார்க்கிடமும், பாய்ஸன் ஸ்டீலிடமும், டிராகன் ஃபேரியிடமும் செல்லாது. ஆட்டத்தைத் திருப்புவது இந்த எட்டும்தான். எதிராளி எலெக்ட்ரிக் மூவ் அடிப்பார் என்று ஊகித்துக் கிரவுண்ட் போக்கிமானை உள்ளே மாற்றினால், ஒரு கீறல்கூட இல்லாமல் களத்துக்கு வந்துவிடுவீர்கள்.

அதனால்தான் அட்டவணையை அடி வாங்கும் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்கிறேன். யார் யாரை அடிப்பார் என்பது விளையாட விளையாடத் தானாக வந்துவிடும். யார் யாருக்காக அடி வாங்குவார் என்று தெரிந்தால்தான் அணி அமையும். ஐஸைப் பாருங்கள். கிராஸ், கிரவுண்ட், ஃப்ளையிங், டிராகன் நான்கையும் பதம் பார்க்கும்; ஆனால் அது தாங்குவது இன்னொரு ஐஸ் மூவை மட்டும். ஸ்டீல் நேரெதிர், பத்து டைப்பைத் தாங்கும், பாய்ஸன் படவே படாது.

எனக்கு மிகப் பிடித்த ஜோடி கியாரடாஸும் ஃபெரோதார்னும். ஃபெரோதார்ன் கிராஸ், ஸ்டீல். பலவீனம் ஃபயர், ஃபைட்டிங் இரண்டு மட்டும். இரண்டையும் கியாரடாஸ் பாதி அடியில் வாங்கிக்கொள்ளும். கியாரடாஸின் பலவீனம் எலெக்ட்ரிக், ராக். அவை இரண்டும் ஃபெரோதார்னுக்குப் பாதி அடிதான். இப்படி ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிற இரண்டு பேரை முதலில் பிடியுங்கள். அப்புறம் மற்ற நால்வரைத் தேடலாம்.

எந்த ஆட்டத்துக்கான அட்டவணை என்றும் பாருங்கள். 1996-இல் 15 டைப்தான் இருந்தது. 1999-இல் டார்க்கும் ஸ்டீலும், 2013-இல் ஃபேரியும் வந்தன. ஃபேரி வந்தபோதே கோஸ்ட்டையும் டார்க்கையும் தாங்கும் சக்தியை ஸ்டீல் இழந்துவிட்டது. பழைய அட்டவணையை வைத்துப் புது ஆட்டம் ஆடினால் அங்கே அடி விழும். டைப் மட்டும் பார்த்தாலும் போதாது, லெவிடேட் (மிதத்தல்) திறன் உள்ளவற்றுக்குக் கிரவுண்ட் மூவ் படாது.

2016-க்குப் பிறகு வந்த ஆட்டங்களில், ஏற்கெனவே சந்தித்த போக்கிமான் எதிரே வந்தால் எந்த மூவ் எப்படிப் படும் என்று திரையே காட்டும். அதைப் பார்ப்பதற்கு முன் ஒரு நொடி நின்று, பெருக்கலை மனதுக்குள் போட்டு விடை சொல்லுங்கள். தவறிய ஜோடியை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் முதல் வரி இன்னமும் மார்ஷ்டாம்ப்தான்.