படுவான்கரையில் நிலப்போர்வைத் தரவு எடுப்பது எப்படி?

நிலப்போர்வை என்பது நிலத்தை மூடியிருப்பது எது என்பதுதான்: பயிரா, புல்லா, மரமா என்று. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் அதை எப்படிப் பதிவது என்று பார்ப்போம். செய்மதிப் படத்தில் பச்சையாகத் தெரிவது நெல்லா, புல்லா, பற்றைக்காடா என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. நாம் நேரில் போய்க் குறித்துக் கொடுக்கும் புள்ளிகளை வைத்துத்தான் அது பழகும். புள்ளி பிழைத்தால் வரைபடமும் பிழைதான்.

முதலில் போனில் கோபோகலெக்ட் என்ற தரவு சேகரிக்கும் செயலியைப் போட்டு, படிவத்தை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். கியூஃபீல்ட் என்ற செயலியும் நல்லதுதான், ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கோபோவைத்தான் சொல்வேன். கேள்விகளைத் தமிழிலேயே எழுதலாம், இடத்தின் ஆள்கூறும் (அகலாங்கு, நெட்டாங்கு) படமும் ஒரே பதிவில் சேரும்.

அடுத்தது நிற்கும் இடம். அதிகம் பிசகுவது இங்கேதான். சென்டினல்-2 என்ற செய்மதியின் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு சிறு சதுரம், நிலத்தில் 10 மீற்றர். வசதிக்காகக் கிறவல் வீதியிலோ வரம்பிலோ நின்று குறித்தால், ஜிபிஎஸ்ஸின் நாலைந்து மீற்றர் தளம்பலும் சேர்ந்து, பாதி வீதியும் பாதி வயலுமான பிக்சலில் புள்ளி விழும். ஆகவே நீளத்திலும் அகலத்திலும் 30 மீற்றருக்குக் குறையாமல் ஒரே மாதிரி இருக்கும் துண்டைத் தேடி, அதன் நடுவில் நில்லுங்கள். போன் காட்டும் ஜிபிஎஸ் துல்லியம் 5 மீற்றருக்குள் வரும்வரை பொறுத்துச் சேமியுங்கள். பயிர் நிற்கும் வயலில் இறங்கவே கூடாது. வரம்பில் நின்றபடி, வயலின் நடு எந்தத் திசையில் எத்தனை மீற்றர் என்று எழுதி, வீட்டுக்கு வந்து புள்ளியை நகர்த்துங்கள். நம் பக்கத்தில் ஆள்கூற்றின் 0.0001 பாகை ஏறத்தாழ 11 மீற்றர். வயல்வெளியைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், எப்போது விதைத்தது, என்ன வயது நெல் என்பதும் கிடைக்கும்.

சரி, தாவரம். மரம், பற்றை, புல் மூன்றுக்கும் உயரத்தையும் நிலத்தை மூடிய சதவீதத்தையும் தனித்தனியே எழுதுங்கள். வாவிக் கரையில் முட்டுக் கொடுத்த மாதிரி வளைந்த வேர் என்றால் கண்டல். சேற்றிலிருந்து விரல் தடிப்பில் மூச்சுவேர்கள் நிமிர்ந்து நின்றால் கண்ணா மரம். தில்லை மரத்தை ஒடித்துப் பார்க்காதீர்கள், அதன் பால் கண்ணுக்கு ஆபத்து.

மண்ணுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மேல் 20 சென்ரிமீற்றருக்குள் ஒரு பிடி எடுத்து, கல்லையும் வேரையும் நீக்கி, தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். உருண்டை பிடிக்கவே மாட்டேன் என்றால் மணல். பெருவிரலால் சுட்டுவிரல்மேல் தள்ளும்போது நாடாவாக 5 சென்ரிமீற்றருக்கு மேல் உடையாமல் நீண்டால் களி. உருண்டை பிடித்தும் நாடா சீக்கிரம் உடைந்தால் மணலும் களியும் கலந்த இருவாட்டி. சாம்பல் மண்ணில் துருநிறப் புள்ளிகள் தெரிந்தால் அதையும் எழுதுங்கள், தண்ணீர் நின்று வடியும் நிலம் அது.

பின்சேர்க்கை: ஜூலையில் மாடு மேயும் வெளியை வயல் என்பதா, புல்வெளி என்பதா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணில் படுவதைப் படிவத்தின் ஒரு கட்டத்திலும் நிலத்தின் பயன்பாட்டை இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் சிறுபோகத்திலும் பச்சையாக இருக்கும். மானாவாரி வயலில் அப்போது காய்ந்த தாளும் புல்லும்தான். அதனால் திகதி கட்டாயம். அதே புள்ளியைப் பெரும்போக நெல் நிற்கும் தை மாதமும் ஒருமுறை பதிந்தால், மானாவாரி வயலைப் புல்வெளியிலிருந்து பிரித்தெடுக்கலாம்.