'வாழச் சிறந்த நகரம்' பட்டியலா? மதிப்பெண் பங்கீட்டை முதலில் பாருங்கள்

உலகின் சிறந்த நகரங்கள் என்று பட்டியல் வந்தால், முதலிடம் எதற்கு என்று பார்க்கும் முன் எதற்கு எத்தனை சதவீதம் மதிப்பெண் என்று பாருங்கள். வீட்டு வாடகை கணக்கில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவான இஐயூ வெளியிடும் பட்டியலில் நிலைத்தன்மைக்கு (குற்றம், பயங்கரவாத அச்சுறுத்தல், மோதல் குறைவாக இருப்பது) 25, பண்பாடு-சுற்றுச்சூழலுக்கு 25, மருத்துவத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு வெறும் 10. பள்ளிக்கூட வயதில் பிள்ளைகள் இருப்பவருக்கு இந்தப் பங்கீடு எப்படிப் பொருந்தும்? வாழ்க்கைச் செலவுக்கு இதில் இடமே இல்லை. அதற்கு அவர்களே தனிக் கணக்கெடுப்பு வைத்திருக்கிறார்கள். 2025 பட்டியலில் முன்வரிசையில் நின்ற சூரிச், 2023 செலவுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூருடன் சேர்ந்து உலகிலேயே செலவு மிகுந்த நகரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

முதல் சில இடங்களுக்கு இடையே வித்தியாசமும் சொற்பம்தான். மூன்று ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த வியன்னா 2025-இல் கோபன்ஹேகனிடம் அதை இழந்தது. வெடிகுண்டு மிரட்டலால் நிலைத்தன்மை மதிப்பெண் குறைந்ததே முக்கியக் காரணம். அங்கே குடியிருப்பவரின் குடிநீரோ டிராம் வண்டியோ அதனால் மாறவில்லை.

வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்று உங்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்றால், செலவைப் பற்றிய இந்த எச்சரிக்கை அவ்வளவாகத் தேவையில்லை. பட்டியலின் அடியில் உள்ள சிரியாவின் டமாஸ்கஸ், லிபியாவின் திரிபோலி போன்ற நகரங்களுக்குப் பங்கீட்டைப் பற்றிய எச்சரிக்கையும் தேவையில்லை: அங்கே இடைவெளி மிகப் பெரியது, பங்கீட்டை எப்படி மாற்றினாலும் முடிவு மாறாது.