கன்ட்ரோலரிலிருந்து வியூவுக்கு: எதை எதில் அனுப்புவது

மைக்ரோசாஃப்டின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட்நெட் கோர் எம்விசியில், கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலரிலிருந்து பக்கத்தை வரையும் வியூவுக்கு டேட்டா அனுப்ப நான்கு வழி உண்டு: மாடல், வியூடேட்டா, வியூபேக், டெம்ப்டேட்டா. பக்கத்தின் முக்கியமான டேட்டா எதுவானாலும் மாடலில் அனுப்புங்கள். மற்ற மூன்றும் சில்லறை வேலைக்குத்தான்.

புத்தக விவரம் திருத்தும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் கிளாஸை அப்படியே வியூவுக்குத் தள்ளாமல், இந்தப் பக்கத்துக்கென்றே ஒரு வியூமாடல் எழுதுங்கள். தலைப்பு, விலை, தேர்ந்தெடுத்த வகையின் ஐடி, டிராப்டவுனுக்கான வகைப் பட்டியல் என நான்கு ப்ராப்பர்டி போதும். ஆக்‌ஷனில் (கோரிக்கைக்குப் பதில் தரும் கன்ட்ரோலர் மெத்தட்) நிரப்பி, வியூ மெத்தடுக்குக் கொடுத்து ரிட்டர்ன் செய்யுங்கள். ரேஸர் ஃபைலின் (வியூவை எழுதும் .cshtml ஃபைல்) தலையில் @மாடல் போட்டு கிளாஸ் பெயரை எழுதுங்கள். அங்கே சின்ன எம் (@model). கீழே மதிப்பை எடுக்கும்போது பெரிய எம் (@Model).

வெறும் ஸ்ட்ரிங்கை மாடலாகக் கொடுத்தால் வியூ மெத்தட் அதை வியூவின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு வியூ இல்லையே என்று எரர் வரும். ஆப்ஜெக்ட்டாக காஸ்ட் செய்து கொடுங்கள்.

அடி விழுவது பெரும்பாலும் ஃபார்ம் திரும்பி வரும்போதுதான். விலையைத் தப்பாக அடித்து சப்மிட் செய்தால் அதே வியூவை மறுபடி காட்டுவோம். ஆனால் பிரவுசர் அனுப்பியது தேர்ந்தெடுத்த ஐடியை மட்டும், பட்டியல் வரவில்லை. பட்டியலை டேக் ஹெல்பரால் (எச்டிஎம்எல் டேகை மாடலோடு இணைக்கும் வசதி) காட்டினால் டிராப்டவுன் காலியாக நிற்கும். ஃபோர்ஈச் லூப் என்றால் நல் ரெஃபரன்ஸ் எரர். பட்டியலை நிரப்ப ஒரு பிரைவேட் மெத்தட் எழுதி கெட் (பக்கத்தைத் திறப்பது), போஸ்ட் (ஃபார்மைச் சப்மிட் செய்வது) இரண்டின் ஆக்‌ஷனிலும் அழையுங்கள்.

இன்னொரு சிக்கல்: நல்லபிள் ரெஃபரன்ஸ் டைப் (எது நல் ஆகலாம் என்பதைக் கேள்விக்குறியால் குறிக்கும் சி ஷார்ப் வசதி) ஆன் ஆகியிருந்தால், கேள்விக்குறி போடாத பட்டியல் ப்ராப்பர்டியும் கட்டாயம் என்றாகிவிடும். எல்லாம் சரியாக நிரப்பியும் மாடல்ஸ்டேட் (ஃபார்மில் வந்த மதிப்புகளும் அவற்றின் சோதனை முடிவும் இருக்கும் இடம்) செல்லாது என்றே சொல்லும். காலிப் பட்டியலால் இனிஷியலைஸ் செய்யுங்கள், அல்லது வேலிடேட்நெவர் அட்ரிபியூட் போடுங்கள்.

போஸ்ட் ஆக்‌ஷனில் விலையை மாற்றியும் டெக்ஸ்ட்பாக்ஸில் பழையதே நிற்கிறதா? டேக் ஹெல்பர் முதலில் பார்ப்பது மாடல்ஸ்டேட்டை. விலையின் கீயை அதிலிருந்து ரிமூவ் செய்தால் புதிய மதிப்பு தெரியும்.

வியூபேக்கும் வியூடேட்டாவும் ஒரே டப்பாவுக்கு இரண்டு மூடி. வியூபேக்கில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது, அந்த இடம் வெறுமையாகும். பக்கத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரீடைரக்ட் ஆனதும் இவை இரண்டும் காலி. ‘சேமிக்கப்பட்டது’ போன்ற செய்திக்கு டெம்ப்டேட்டா. ஒருமுறை படித்ததும் அழிந்துவிடும்; வைத்திருக்க பீக் மெத்தடால் படியுங்கள். இயல்பாக இது குக்கீயில் போகிறது என்பதால் பெரிய பட்டியலைத் திணிக்காதீர்கள். உங்கள் சொந்த கிளாஸின் ஆப்ஜெக்ட்டையும் ஏற்காது. ஜேசான் ஸ்ட்ரிங்காக்கி வையுங்கள்.